செம்மண் ரேஸில் எந்த என்ஜின் நாள்பட வரும்? டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

[திரையில்: பட்டறை மேசை. ஒரு பக்கம் கோடு விழுந்த டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன். இன்னொரு பக்கம் கழற்றி வைத்த ஃபோர்-ஸ்ட்ரோக் ஹெட் (என்ஜினில் வால்வுகள் இருக்கும் மேல்பகுதி).]

வணக்கமுங்க. கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கமிருந்து மண் ரேஸுக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "ஏனுங்ணா, டூ-ஸ்ட்ரோக் எடுக்கறதுங்களா, ஃபோர்-ஸ்ட்ரோக் எடுக்கறதுங்களா? எது நாள்பட வருமுங்க?"

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒவ்வொரு தடவை மேலே போய் வரும்போதும் ஒரு வெடிப்பு; ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு தடவைக்கு ஒன்று. ரோட்டு வண்டி என்றால் பதில் சுலபம். 1985-ல் ஃபோர்-ஸ்ட்ரோக்கான ஹீரோ ஹோண்டா சிடி 100, டூ-ஸ்ட்ரோக்கான யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இரண்டையும் வைத்திருந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள். சிடி 100 ஆயில் மட்டும் மாற்றிக்கொண்டு வருஷக்கணக்காக ஓடியிருக்கும். ஆர்எக்ஸ் ஒரு தடவையாவது போர் வேலைக்கு (தேய்ந்த சிலிண்டர் துளையைக் குடைந்து சரிசெய்வதற்கு) லேத்துப் பட்டறை ஏறியிருக்கும்.

ரேஸ் வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ரேஸ் என்ஜினின் ஆயுளைக் கிலோமீட்டரில் பார்ப்பதில்லை, மணிக்கணக்கில் பார்க்கிறோம். அதற்குத்தான் ஹேண்டில் பக்கத்தில் ஹவர் மீட்டர் மாட்டுவது. அங்கே இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடும் என்பது ஒன்று. உடையும்போது எப்படி உடையும், என்னென்னவற்றைக் கூட இழுத்துக்கொண்டு போகும் என்பது இன்னொன்று. சொந்தக் காசு போட்டு ஓட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கட்சி. ஏன் என்று என்ஜினைத் திறந்தே காட்டுகிறேன்.

[திரையில்: இரண்டு பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும் வரைபடம்.]

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆர்எக்ஸ் 100-ல் போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம், 50 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம், அதுவும் 50. 7,500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில், பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.5 மீட்டர் வருகிறது. மோட்டோகிராஸ் என்கிற மண் ட்ராக் ரேஸுக்கென்றே செய்த யமஹா ஒய்இசட் 250 டூ-ஸ்ட்ரோக்கில் ஸ்ட்ரோக் 72 மில்லிமீட்டர். அது 8,800 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 21 மீட்டர். 250 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் ரேஸ் வண்டி 13,500-க்குச் சுற்றுகிறது, ஸ்ட்ரோக் 53.6 என்று வைத்தால் நொடிக்கு 24 மீட்டர். ஆர்எக்ஸைப் போல இரண்டு மடங்கு. ஆனால் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது, அதைக் கிராங்கோடு (கீழே சுழலும் அச்சோடு) இணைக்கிற கனெக்டிங் ராடு வாங்குகிற இழுப்பு, ஆர்பிஎம்மின் வர்க்கமாக ஏறுகிறது. பிஸ்டன் எடை ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் எதிரே அழுத்தப்பட்ட காற்று நிற்கிறது. அது பிஸ்டனைத் தடுத்து நிறுத்திக் கொடுக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு தடவைக்கு ஒரு தடவை, அதாவது புகை வெளியேறும் சுற்றில், மேலே ஒன்றும் இல்லை. முழு வேகத்தில் போகிற பிஸ்டனை ராடு மட்டும்தான் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். அதனால்தான் அந்தப் பிஸ்டனை அவ்வளவு குட்டையாக, பாவாடையே (கீழ்ச் சுவரே) இல்லாதது மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். லேசாக இருப்பதால் வேகம் தாங்கும். அதே காரணத்தால் நாள் தாங்காது. சிடி 100-ஐ நினைத்துக்கொண்டு, "ஃபோர்-ஸ்ட்ரோக்னா உழைக்குமுங்க" என்று இதை வாங்கினால் கணக்குத் தப்பிவிடும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் ரேஸுக்குள் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1997-ல் லாஸ் வேகஸில் நடந்த சூப்பர்கிராஸில் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மண் ரேஸில்) அமெரிக்க ரைடர் டக் ஹென்றி, யமஹாவின் 400 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் பரிசோதனை வண்டியில் ஜெயித்தார். மறு வருஷம் ஒய்இசட் 400 எஃப் கடைக்கு வந்தது. அதிலேயே அவர் அமெரிக்க மோட்டோகிராஸ் பட்டத்தையும் அடித்தார். அதற்குப் பிறகு 250 டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிரே 450 ஃபோர்-ஸ்ட்ரோக், 125-க்கு எதிரே 250 என்று விதி நிலைத்தது. 2007 மாடலோடு ஹோண்டா தன் சிஆர் டூ-ஸ்ட்ரோக்குகளை நிறுத்தியது. ஆக, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சிசியைத்தான் ஒரே கிளாஸில் வைத்து ஒப்பிடுகிறோம். 450-க்குத் திணறத் தேவையில்லை, குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அதிகம் அடிபடுவது 250-தான். 125 டூ-ஸ்ட்ரோக்கும் அதே கேஸ். எப்போதும் உச்சத்திலேயே ஓட்ட வேண்டியிருக்கும், பிஸ்டனும் அதற்கேற்ப அடிக்கடி போகும்.

[திரையில்: டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன், மிக அருகில். எக்ஸாஸ்ட் பக்கம் நெடுக்குக் கோடுகள்.]

சரி, டூ-ஸ்ட்ரோக்கைப் பார்ப்போம். இந்தப் பிஸ்டனில் இன்டேக் (காற்று உள்ளே வரும்) பக்கம் பாருங்கள், சுத்தமாக இருக்கிறது. திருப்பினால் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்குக் கீழே காபிப் பொடி நிறத்தில் கறை. ரிங் தேய்ந்து, நெருப்பு கீழே கசிந்திருக்கிறது என்று அர்த்தம். டூ-ஸ்ட்ரோக்கில் ரிங் ஒவ்வொரு சுற்றிலும், சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போகிற போர்ட் ஓட்டைகளைத் தாண்டிப் போகிறது. அந்த விளிம்பில் உரசி உரசித்தான் தேய்கிறது. இதற்கென்று தனியாக ஆயில் குளியலும் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற டூ-டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் கிடைக்கிற எல்லாமும்.

ஆனால் இது தேயும்போது உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் தேயும். கிக்கர் லேசாகும். கம்ப்ரஷன் குறையும். கீழ் ஆர்பிஎம்மில் இழுப்பு போகும். சிலிண்டருக்குள் "களக் களக்" என்று பிஸ்டன் ஆடுகிற சத்தம் வரும். அப்போதே திறந்து, பிஸ்டன், ரிங், பின், நீடில் பேரிங், கேஸ்கெட் மாற்றினால் மறுநாள் ரேஸுக்குப் போகலாம். இரும்பு லைனர் போட்ட பழைய சிலிண்டர் என்றால் நம்மூரில் போர் பண்ண ஆளுக்குப் பஞ்சமில்லை. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர். ஹோனிங் கல் வைத்து நூல் பிடித்தாற்போல முடித்துத் தருகிற கைகள் இங்கே இருக்கின்றன. புது ரேஸ் வண்டிகளில் சிலிண்டருக்கு நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு இருக்கும். அதைப் போர் பண்ணக் கூடாது, பூச்சு நன்றாக இருக்கும்வரை பிஸ்டன் மட்டும் மாற்றினால் போதும்.

டூ-ஸ்ட்ரோக் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொள்ளுமே என்பீர்கள். பிடிக்கும். அது பெரும்பாலும் தேய்மானத்தால் வருவதில்லை, செட்டிங்கால் வருகிறது. நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடசாலை இருக்கிறது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே. ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்று மெலிந்திருப்பதால், கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அதிகமாகிப் புகையும், அடைக்கும். சிலர் அங்கேயே ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளைத் திருகை, சின்னதாக மாற்றிவிடுவார்கள். அதே ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி வந்து மட்டமான ரோட்டில் முறுக்கினால், காற்று அடர்த்தியாகிப் பெட்ரோல் போதாது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்திலும் இதே ஆபத்து உண்டு: கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை முழுசாக மூடிக்கொண்டு வந்தால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் உள்ளே வராது. அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். மண்ணில் ஓட்டும்போது கிளட்ச் மேல் எப்போதும் ஒரு விரல் இருக்கட்டும். என்ஜின் பிடிக்கிற அந்த நொடி பின் சக்கரம் லாக் ஆகும். விரல் இருந்தால் விழாமல் தப்பிக்கலாம்.

ஆயில் கலக்கும்போது கண் மதிப்பு வேண்டாம். 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. "கொஞ்சம் சேர்த்து ஊத்துனா நல்லதுங்க" என்று ஊற்றினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது. பங்க்கில் இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் கலவையை மெலியச் செய்யும். பழைய ஜெட்டையே நம்பாமல் பிளக் நிறத்தைப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் கலந்து வைத்த பெட்ரோலை அடுத்த மாத ரேஸுக்கு எடுக்காதீர்கள். 2017-ல் கேடிஎம் தன் எண்டியூரோ (காடு, மலை வழியாக நீண்ட நேரம் ஓட்டும் ரேஸ்) டூ-ஸ்ட்ரோக்குகளில் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் தனி ஆயில் பம்பும் கொண்டுவந்த பிறகு, உயரம் ஏறி இறங்கும் இந்தத் தலைவலி அந்த வண்டிகளில் பெரும்பாலும் போய்விட்டது.

[திரையில்: ஹெட். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வால்வு இடைவெளிக்குள் நுழைய மறுக்கிறது.]

இப்போது ஃபோர்-ஸ்ட்ரோக். இந்தத் தகடு நுழையாமல் நிற்பதைப் பாருங்கள். இதுதான் இந்த வீடியோவில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ரேஸ் 250-களில் பெரும்பாலும் டைட்டானியம் வால்வு. எடை குறைவு, அதனால்தான் அத்தனை ஆர்பிஎம் தாங்குகிறது. ஆனால் கெட்டித்தன்மை எல்லாம் மேல்பூச்சில்தான். ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி முதலில் இன்டேக் வால்வின் முகத்தில் அடிக்கும். பூச்சு போனால் உள்ளே இருப்பது மெத்து. வால்வு மேலே மேலே ஏறும், இடைவெளி அடைபடும். ஒரு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இடைவெளியைச் சரிசெய்கிற ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றினால் சரியாகும். சில மணி நேரத்தில் மறுபடி அடைத்தால் அந்த வால்வு முடிந்தது. இன்னொரு ஷிம் போட்டு ஒரு ரேஸ் ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 13,000 ஆர்பிஎம்மில் வால்வுத் தலை உடைந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், ஹெட், சிலிண்டர், சில சமயம் ராடும் கிராங்கும் கூடவே போகும். நம்மூரில் பார்த்த பல பையன்கள் அதோடு வண்டியை மூலையில் நிறுத்தியவர்கள்தான். ஓட்டத் தெரியாமல் யாரும் நின்றுவிடவில்லை. அந்தப் பில்லைக் கட்ட முடியாமல் நின்றார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்காது.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஃபோர்-ஸ்ட்ரோக் நிஜமாகவே நீண்ட நேரம் ஓடும். பிஸ்டன் போர்ட்டைத் தாண்ட வேண்டியதில்லை, கீழே தனியாக ஆயில் இருக்கிறது, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். அதனால்தான் டாக்கர் மாதிரி நாள்கணக்கான பாலைவன ரேஸ் அதன் கையில் இருக்கிறது. 1979-ல் முடிந்த முதல் டாக்கரையே சிரில் நவூ, யமஹா எக்ஸ்டி 500 என்ற ஃபோர்-ஸ்ட்ரோக்கில்தான் ஜெயித்தார். 2015-ல் சி.எஸ். சந்தோஷ் டாக்கரை முடித்த முதல் இந்தியர் ஆனதும் 450 ஃபோர்-ஸ்ட்ரோக்கில். இன்னொரு பக்கம், ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் மாதிரி பாறை ஏறும் ஹார்ட் எண்டியூரோவில் 300 சிசி டூ-ஸ்ட்ரோக்தான் ராஜா. அங்கே வண்டி பத்து தடவை கவிழும். தலைகீழாகக் கிடந்தாலும் அதன் ஆயில் பெட்ரோலோடுதான் இருக்கிறது.

[திரையில்: செம்மண் மைதானம், காற்றில் புழுதி. பிறகு ஏர் ஃபில்டர்.]

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் மைதானம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செம்மண் தூளில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் பிஸ்டன் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கெட்டி. ஆயிலோடு சேர்ந்தால் அது வால்வைத் தேய்த்து உட்கார வைக்கிற லேப்பிங் பேஸ்ட் மாதிரியே வேலை செய்யும். டூ-ஸ்ட்ரோக்கில் காற்று கிராங்க் கேஸ் வழியாகவே போவதால் பிஸ்டனுக்கு முன்னால் பேரிங் அடி வாங்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வு. எந்த வண்டியானாலும் ஒவ்வொரு ரேஸுக்கும் கழுவிக் காய்ந்து, ஆயில் தடவிய ஃபோம் ஃபில்டர் ஒன்று மாற்றுக்கு இருக்க வேண்டும். விளிம்பில் கிரீஸ் பூசுங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் உள்பக்க ரப்பர் குழாயை வெள்ளைத் துணியால் ஒரு துடை துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் மண் என்ஜினுக்குள் போயிருக்கிறது. பெட்ரோலில் கழுவுவது நம்மூர்ப் பழக்கம். அது ஃபோமின் ஒட்டுப் பசையை விட வைத்துவிடும். மண்ணெண்ணெயோ ஃபில்டர் கிளீனரோ போடுங்கள்.

அப்புறம், எதை வாங்குவது? கூட மெக்கானிக் இல்லாமல், சனிக்கிழமை இரவு தானே ஸ்பேனர் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டுகிற தம்பிக்கு என் சிபாரிசு டூ-ஸ்ட்ரோக். பிஸ்டன் அடிக்கடி மாற்ற வேண்டும், உண்மைதான். ஒவ்வொரு தடவையும் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். ராலி, நீண்ட தூரம் என்று போகிறவர் 450 ஃபோர்-ஸ்ட்ரோக் எடுக்கலாம், மணிக்கணக்கு எழுதி வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதாக இருந்தால். ரேஸ் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பதே ஒரு லிட்டர் அளவு ஆயில்தான்.

பழைய 250 ஃபோர்-ஸ்ட்ரோக் விலைக்கு வந்தால், வண்டி ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஹெட் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லி, நான்கு வால்வின் இடைவெளியையும் மேனுவலோடு ஒப்பிட்டு அளந்து, உள்ளே இருக்கிற ஷிம் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டேக் பக்கம் ஷிம் ரொம்ப மெலிசாக இருந்தால் வால்வு ஏற்கெனவே ஏறிவிட்டது. விலையில் ஒரு முழு ஹெட் வேலையைக் கழித்துக் கேளுங்கள். கவரைத் திறக்க விடமாட்டேன் என்றால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.