ஃபார் லூப்புக்குள் எண்ணை மாற்றினால் ஏன் தாவவில்லை?

சரி, அடுத்த கேள்வி. "பைத்தானில் ரேஞ்ச் 10 கொடுத்து ஒரு ஃபார் லூப் எழுதினேன், எண் 3 வந்ததும் அதோடு 4 கூட்டி 7 ஆக்கினேன். அடுத்து 8 வரும் என்று பார்த்தால் 4 தான் வருகிறது, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் பழகிவிட்டு வருகிறவர்கள் பலர் இடறும் இடம் இது. அங்கே எண்ணைத் தொடங்குவது, கூட்டுவது, எல்லை பார்ப்பது எல்லாமே ஒரே வேரியபிளை வைத்துத்தான், அதனால் உள்ளே அதைத் தொட்டால் சுற்றும் மாறும்.

பைத்தானில் அப்படி இல்லை. ரேஞ்ச் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அது கொடுப்பது ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் உங்கள் வேரியபிளில் வந்து விழும். நீங்கள் வைத்த 7 அந்தச் சுற்று முடியும் வரை 7 தான், பிரிண்ட் போட்டுப் பாருங்கள், தெரியும். அடுத்த சுற்று தொடங்கியதும் அதை அழித்துவிட்டு 4 உட்கார்ந்துவிடும்.

மூன்று மூன்றாகப் போகவேண்டும் என்றால் ரேஞ்சுக்கு 0, 10, 3 என்று கொடுங்கள், 0, 3, 6, 9 வரும். ஒரு சில எண் மட்டும் வேண்டாம் என்றால் இஃப் போட்டு கன்டினியூ, அது அந்தச் சுற்றின் மீதி வரிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். பாதியில் வெளியே வர பிரேக். ஆனால் உங்களுக்கு எவ்வளவு தாவவேண்டும் என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றால், கொடுத்த நிபந்தனை சரியாக இருக்கும்வரை சுற்றும் வைல் லூப் தான் சரி, அதில் கூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

வைலில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். "எண் 3 என்றால் கன்டினியூ" என்று மேலே எழுதிவிட்டு, ஒன்று கூட்டும் வரியைக் கீழே வைத்தால், 3 வந்ததும் கூட்டும் வரிக்குப் போகாமலே திரும்பத் திரும்ப மேலே ஓடும், முடியவே முடியாது. கன்ட்ரோல் சி அழுத்தித்தான் நிறுத்தவேண்டும். கன்டினியூவுக்கு முன்னாலேயே கூட்டிவிடுங்கள்.

அப்புறம் இதோடு சேர்ந்த இன்னொன்று, லிஸ்டில் சுற்றும்போதே அதிலிருந்து நீக்காதீர்கள். 2, 4, 6, 8 என்ற லிஸ்டில் இரட்டை எண்ணை எல்லாம் நீக்கச் சொன்னால் 4, 8 மிஞ்சும், ஏனென்றால் 2 போனதும் 4 முதல் இடத்துக்கு நகர்ந்துவிடும், லூப்போ இரண்டாவது இடத்தைப் பார்க்கப் போய்விடும். வேண்டியதை மட்டும் ஒரு புது லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.