காட்டில் ஒரு தகர டப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் உள்ள ஊர், சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டியவரை பால்மரம், அதாவது ரப்பர் மரம்; இப்போது பெரும்பாலும் செம்பனை. என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். நான் பிறந்து வளர்ந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இப்போது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வீடு. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு, பின்னால் புரியும்.

சில ஆண்டுகளாக நானும் என் அக்கா மகனும் ஜியோகேச்சிங் என்கிற விளையாட்டை விளையாடி வருகிறோம். அதைப் பற்றிப் பேச அழைத்தபோது, கண்டுபிடித்த பெட்டிகளைப் பற்றிப் பேசுவதா, செய்த தவறுகளைப் பற்றிப் பேசுவதா என்று யோசித்தேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவர்களுக்கு என் தவறுகள்தாம் உதவும் என்று தோன்றியது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

விளையாட்டு எளிதுதான். ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு ஒன்றை வைத்து எங்காவது மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். நாம் கைப்பேசியை வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கிடைத்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். சில டப்பாக்கள் விரல் நுனி அளவுதான் இருக்கும். காந்தத்தால் இரும்பில் ஒட்டி வைத்திருப்பார்கள். சில பெரிய டின்கள். அவற்றுக்குள் சின்னச் சின்னப் பொருள்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால், அதே மதிப்புள்ள வேறொன்றையாவது வைக்க வேண்டும்.

இது தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, அமெரிக்க அரசு, செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கெடுத்துத்தான் கொடுத்தது. 100 மீட்டர் வரை இடம் தவறும். மே 2-ஆம் தேதி அந்தத் தடையை எடுத்தார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, எண்களை இணையத்தில் அறிவித்தார். அதுதான் முதல் பெட்டி. இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்த முதல் வாளிக்குள் மற்ற பொருள்களோடு ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இப்போது சாப்பாட்டுப் பொருள் எதுவும் வைக்கக்கூடாது என்பது விதி. எங்களுக்கு அது தெரியாமல், அக்கா மகன் ஒரு பெட்டிக்குள் முறுக்குப் பொட்டலம் வைத்துவிட்டான். இரண்டு வாரம் கழித்துப் போனால் மூடியைக் குரங்கு கடித்துக் குதறியிருந்தது, நோட்டு முழுக்க எறும்பு. வேறொருவர் அக்கறையாகச் செய்த பெட்டி அது.

சரி, எண்களுக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஏறக்குறைய வடக்கே 4 டிகிரி 49 நிமிடம், கிழக்கே 101 டிகிரி 04 நிமிடம். ஒரு முறை அவசரத்தில் 04 என்பதை 40 என்று தட்டிவிட்டேன். 66 கிலோமீட்டர் கிழக்கே, தித்திவங்சா மலைக்கு அந்தப் பக்கம், கிளந்தான் மாநிலக் காட்டுக்குள் காட்டியது. இவ்வளவு பெரிய தவறு ஆபத்தில்லை, பார்த்தவுடனே தெரிந்துவிடும். சின்னத் தவறுதான் நம்மை நம்ப வைத்து இழுத்துக்கொண்டு போகும்.

இந்த விளையாட்டில் நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்து மூன்று இலக்கம் எழுதுவார்கள். 49.300 என்று இருந்தால், அந்த 300 விநாடியைக் குறிப்பதில்லை, நிமிடத்தின் தசமம். அதாவது 18 விநாடி. நான் அதை 30 விநாடி என்று வரைபடத்தில் போட்டேன். வித்தியாசம் 12 விநாடி. தரையில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 31 மீட்டர். ஆக, 370 மீட்டர் தள்ளி நின்று தேடிக்கொண்டிருந்தேன்.

நின்ற இடம் ஒரு மலாய் வீட்டின் பின்புறம். மணி ஏழாகி இருட்டத் தொடங்கியிருந்தது. கொடியில் துணி காய்கிறது. நான் வேலிக்கு வெளியே குனிந்து, கம்பத்தின் அடியில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு மாச்சிக், வயதில் மூத்த மலாய் அம்மா ஒருவர், வந்து, என்ன தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விளையாட்டை எப்படி விளக்குவது என்று ஒரு நொடி தடுமாறிப் போய், வாயில் வந்ததைச் சொன்னேன்: "சாவி விழுந்துவிட்டது."

அவர் உள்ளே போய் இன்னொரு டார்ச்சைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். சின்னவன் செருப்புக்கூடப் போடாமல் புல்லுக்குள் இறங்கிவிட்டான். நான்கு பேரும் இல்லாத சாவியைத் தேடினோம். இருபது நிமிடம் இருக்கும். மாச்சிக் குனிந்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பெரியவனிடம் கைப்பேசியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அம்மாவிடம் சொன்னான். அவர் திட்டவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் அதையே தேடியிருப்போமே என்றார். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் போனைக் காட்டி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மலாயில் இரண்டு வரியில் சொல்ல அக்கா மகனுக்கும் பழக்கிவிட்டேன்.

அடுத்தது பால்மரக் காட்டில் நடந்தது. ஊருக்கு வெளியே இன்னும் சில சிறுதோட்டங்களில் மரம் வெட்டுகிறார்கள். காலை பத்து மணி வாக்கில் அப்படி ஒரு காட்டு ஓரமாக, கைப்பேசியில் வழி காட்டும் அம்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இலைக்கூட்டத்துக்கு அடியில் ஜிபிஎஸ் அம்பு ஒரு நிலையில் நிற்காது; இங்கே என்று காட்டும், இரண்டு அடி வைத்தால் அங்கே என்று காட்டும். அதன் பின்னாலேயே திரும்பியதில், தோளில் கிடந்த பை, மரத்தில் பால் பிடிக்க வைத்திருந்த கிண்ணத்தை, எங்கள் பேச்சில் மங்கு, தட்டிவிட்டது. பால் முழுவதும் வேர் மேல் ஓடிப் போனது. பதறி விலகினேன், அடுத்த மரத்து மங்கும் விழுந்தது.

மரம் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே காட்டுக்குள் போய்விடுவார்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஒருவர் ஒரு நாளைக்கு 500 மரம் வரை வெட்டி, பிறகு ஒவ்வொரு மங்காகப் பால் எடுக்க வேண்டும். எடைக்குத்தான் காசு. மழை வந்தால் அதுவும் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மாவின் கையில் பால் வாடை போனதே கிடையாது. சின்ன வயதில் காட்டுக்குள் ஓடினால் "மங்கு, மங்கு!" என்று அம்மா கத்துவார். அப்படி வளர்ந்தவள், கையில் ஒரு போன் இருந்த காரணத்தால் தோட்டத்துப் பிள்ளை என்பதையே மறந்துவிட்டேன். வாளியோடு வந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுப் பணம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பார்த்துப் போங்க தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். இப்போது வெட்டு நடக்கிற காட்டுக்குள் நான் போவதே இல்லை.

என் மனதை விட்டுப் போகாத தவறு இன்னொன்று. நான் பிறந்த தோட்டத்தைப் போலவே, பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் லயங்களை இடித்துவிட்டார்கள். ஆட்கள் தாமானுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு கிணறு, இரண்டு மாமரம், எல்லையில் முனியாண்டி சாமி. சிமென்ட் மேடை, சூலம், மேலே தகரக் கூரை. அந்தப் பழைய லயத்து இடத்தில் ஒரு பெட்டி இருப்பதாக இணையத்தில் போட்டிருந்தார்கள். "தகர டின்" என்று குறிப்பும் இருந்தது.

அம்பு சாமி மேடைக்குப் பின்னால் காட்டியது. பின்னால் போய்ப் பார்த்தால், கல்லுக்கு நடுவில், ஓலை மூடியபடி ஒரு பிஸ்கட் டின். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் செருப்போடு ஏறித் திறந்துவிட்டேன். உள்ளே கற்பூரம், தீப்பெட்டி, திருநீறு, இரண்டு சுருட்டு. தெரிந்தவுடன் மூடியிருக்க வேண்டும். ஆனால் நோட்டு அடியில் இருக்குமோ என்று நான் கிளறினேன். ஆமாம், கிளறினேன்.

"யாரும்மா அது? சாமி சாமானை எதுக்குத் தொடுற?"

ஓர் ஆயா. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பேரன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க வந்தவர். "ஆயா, தப்பா நெனைக்காதீங்க" என்று கீழே இறங்கினேன். செருப்பைக் கையில் எடுத்தேன். என்ன விளையாட்டு, எதற்கு டப்பா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விளையாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "தகர டப்பாவைக் காட்டுல கொண்டுபோய் ஒளிக்கிறாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளங்கும். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்து தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று கடுமையான கட்டுப்பாடு. டின் உணவைக் கடையில் விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேர்த்து வைத்தால் கெட்டுப்போகட்டும் என்று. வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள்.

ஆயாவுக்கு அப்போது பத்து வயது. மேடை ஓரம் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "எங்கப்பாரு காட்டுக்குப் போறப்ப வேட்டி மடிப்பைக்கூட உதறிக் காட்டுவாரு. ஒரு டப்பா அங்க கெடந்தா, யாரு வச்சதுன்னு லயத்தையே நிறுத்தி வச்சுக் கேப்பாங்க. நீங்க வெளையாட்டுன்னு சொல்றீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை அது காலி இடம். அவருக்கு அங்கே அப்பா இருந்தார், வீடு இருந்தது, பயம் இருந்தது.

நாங்கள் தேடிய டின் நாற்பது மீட்டர் தள்ளி, மாமரத்துப் பொந்தில் இருந்தது. அக்கா மகன்தான் எடுத்தான். ஆயா அதைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டார். பார்த்துவிட்டு, "ஓட்டை போடல" என்றார்.

மறைத்து வைத்த டப்பாவைக் கண்டு பயப்படுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில், ஒரு காப்பிக்கடை வாசலில் யாரோ பெட்டி வைப்பதைப் பார்த்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அதை வெடிக்க வைத்தது. உள்ளே இருந்தது விளையாட்டு நோட்டு. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் பெட்டி வைக்க வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. பெட்டியின் மேல் இது இன்ன விளையாட்டுக்குரியது என்று எழுதிவிடவும் வேண்டும். நம் பக்கத்தில் வைப்பவர்கள் தமிழிலும் மலாயிலும் எழுதிவிடுங்கள். தகரத்தை விட, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா நல்லது. கோயில், பள்ளி, பஸ் நிலையம் பக்கமே வேண்டாம். விதி என்று சொன்னவை தவிர மற்றவை என் சொந்தக் கருத்து, ஆனால் பட்டுத் தெரிந்துகொண்டவை.

அந்த ஆயாவோடு பழக்கமாகிவிட்டது. அடுத்த ஆண்டு நானே ஒரு பெட்டி வைக்க விரும்பியபோது, முதலில் அவரிடம் கேட்டேன், பிறகு கோயில் கமிட்டியில் கேட்டேன், தோட்டத்து ஆபீசிலும் கேட்டேன். மூன்று இடத்திலும் சரி என்றார்கள். கிணற்றுக்கு அந்தப் பக்கம், சாமிக்கு எட்டத்தில், பழைய லயத்துப் படிக்கல் ஒன்றின் அடியில் வைத்தோம். நோட்டில் முதல் பெயர் ஆயாவுடையது. தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவர், பென்சிலைப் பிடித்து நிதானமாகத் தமிழில் எழுதினார். அதன் கீழே, அந்த லயத்தில் யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல அக்கா மகன் இரண்டு பக்கம் எழுதி வைத்தான்.

போன மாதம் புல் வெட்டிய பிறகு அந்தப் பெட்டியைக் காணோம். பச்சை மூடி போட்ட சதுர பிளாஸ்டிக் டப்பா. கிணற்றடிப் பக்கம் வேலை செய்த யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், குப்பை என்று நினைத்து எடுத்திருந்தால், தயவுசெய்து அந்தப் படிக்கல் மேலேயே வைத்துவிடுங்கள். டப்பா உடைந்திருந்தாலும் பரவாயில்லை. நோட்டு வேண்டும். அந்த இரண்டு பக்கத்தை நான் படம் எடுத்து வைக்கவில்லை. ஆயா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறார்.

நன்றி, வணக்கம்.