'ஆஸ்' வந்தால் உவமையா?

(பள்ளி இலக்கிய மன்றத் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியைத் தன் நேரமாக ஏற்றுக்கொண்ட ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பந்தல் போட்ட தம்பி, மைக் செட் தம்பி, வெயிலில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. வீட்டில் இது பதினேழாவது.

ஆங்கிலப் பாடத்தில் செய்யுள் அணிகளுக்கு வரும் ஐந்து பெயர்களை விளக்குவேன் என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள்: சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், அலிட்டரேஷன், ஐரனி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்த ஐந்தும் நம் பிள்ளைகளுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். எப்படி என்று சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நான் மனப்பாடப் புலி. 'போல என்னும் பொருளில் லைக், ஆஸ் வந்தால் சிமிலி' என்பதில் 'லைக், ஆஸ் வந்தால் சிமிலி' மட்டும்தான் என் நோட்டில் இருந்தது. அதோடு என் அறிவு முடிந்தது. பரீட்சையில் ஒரு குழந்தைப் பாட்டு வரி: 'ஆஸ் ஐ வாஸ் கோயிங் டு செயின்ட் ஐவ்ஸ்'. இதில் என்ன அணி என்று கேள்வி. ஆஸ் இருக்கிறதே! சிமிலி என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். 'செயின்ட் ஐவ்ஸுக்குப் போனபோது' என்பதுதான் அர்த்தம். அணியே கிடையாது, எங்களை மடக்கக் கொடுத்த வரி.

ஆங்கில ஐயா என் தாளைத் தமிழ் ஐயாவிடம் காட்டிச் சிரித்தார். தமிழ் ஐயா சிரிக்கவில்லை. "டேய், காலையில உங்க பாட்டி உன்னை எப்படித் திட்டுச்சு?" என்றார். "களிமண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கியேன்னு திட்டுச்சுய்யா." "அது உவமை, உங்க சிமிலி. அதுக்கப்புறம்?" "போடா களிமண்ணுன்னு சொல்லுச்சு." "அது உருவகம். ரெண்டையும் காலையிலேயே வாங்கிட்டு வந்து இங்க முழிக்கிறியே!" அன்று முழு ஆசிரியர் அறையும் சிரித்தது. ஆனால் அந்தச் சிமிலி இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

பிள்ளைகளே, மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமை. அதையே திருப்பி முகமதி என்றால் முகமாகிய மதி, உருவகம். 'உலகமே நாடக மேடை' என்று ஷேக்ஸ்பியர் எழுதினாரே, அதில் 'போல' உண்டா? இல்லை. அதுதான் மெட்டஃபர். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குச் சுமந்து கொண்டுபோவது என்று பொருள். இன்றைக்கும் அந்த நாட்டில் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளில் 'மெட்டஃபோரெஸ்' என்று எழுதியிருக்கும். ஒன்றின் குணத்தை இன்னொன்றின் மேல் ஏற்றி அனுப்புகிற லாரி!

அலிட்டரேஷன் நம் மோனைக்குப் பக்கத்து வீடு. பழைய ஆங்கிலக் கவிதை முழுக்க முதலொலி ஒன்றுவதில்தான் நின்றது. 'ரைம்' என்றால் எதுகை என்று பல நோட்டுகளில் எழுதித் தருகிறார்கள். தப்பு. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அடியின் கடைசியில் ஒன்றுவது இயைபு. ரைம் அதோடுதான் சேரும். தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே தனி இயல் இருக்கிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் அழகு தரும் பொருளணி 35 சொல்கிறது. இத்தனையும் வீட்டில் இருக்க, பிள்ளை ஏட்டுச் சுரைக்காயைத் தூக்கிக்கொண்டு அலைகிறது.

காரணம் என்ன? தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில் டீ குடிக்கிறார்கள், ஒரே வகுப்பில் ஒன்றாக நிற்பதில்லை. பத்து வருடமாக மேடை மேடையாக இதைத்தான் கேட்கிறேன்: வாரத்தில் ஒரே ஒரு பீரியட், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு நடத்துங்கள். தமிழ் அம்மா குறளைச் சொல்லட்டும், 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்று. அதில் 'போல' எங்கே என்று ஆங்கில ஐயா கேட்கட்டும். செலவு ஒரு சாக்பீஸ்.

உயிரில்லாததை ஆளாக்கிப் பேசும் பெர்சானிஃபிகேஷனும், ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் ஐரனியும் பாக்கி. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், புரிகிறது. ஐரனிக்கு ஒன்று மட்டும்: கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் இருவரும் நினைத்ததைச் செய்வார்கள் என்றார் வள்ளுவர். புகழ்வதுபோல் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் ஐயா, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் உங்கள் கால அட்டவணையில் காலியாக இருப்பதை உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். பேனா என்னிடம் இருக்கிறது.