பாலசந்தரை வளர்த்தது மேடையே!

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் அவையோரே, வணக்கம். "இயக்குநர் சிகரம் பாலசந்தரை உருவாக்கியது நாடக மேடையா, கோடம்பாக்கமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் மேடையின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ரஜினி பெயரைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். சென்னையில் ரஜினி என்றால் யார்தான் கைதட்ட மாட்டார்கள்? அதை மட்டும் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள் ஐயா!

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, பாலசந்தரே கணக்கு ஆபீஸ்காரர்தானே. நன்னிலம் பக்கத்துக்காரர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார், முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்தார், 1950ல் சென்னைக்கு வந்து ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர் இயக்கிய முதல் படம் நீர்க்குமிழி வந்தது 1965ல். நடுவில் 15 வருஷம்! அந்தக் காலமெல்லாம் அவர் கோடம்பாக்கத்தில் கிளாப் போர்டு பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பகலில் ஃபைல், சாயங்காலம் ஒத்திகை. மேஜர் சந்திரகாந்த், சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி எல்லாமே முதலில் நாடகங்கள்.

"1964ல் தெய்வத்தாய் படத்துக்கு வசனம் எழுதக் கூப்பிட்டது சினிமாதானே?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். சரி, கூப்பிட்டது சினிமாதான். எதைப் பார்த்துக் கூப்பிட்டது? ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்தா? நாடகத்தைப் பார்த்துத்தானே! அதே வருஷம் சர்வர் சுந்தரம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகிவிட்டது. மேஜர் சந்திரகாந்த் 1965லேயே ஊஞ்சே லோக் என்று இந்திக்குப் போய்விட்டது. தமிழில் அவரே அதைப் படமாக எடுத்தது அதற்கு அடுத்த வருஷம்தான். ஆக, கோடம்பாக்கம் அவருக்கு நாற்காலி போடுவதற்குள் அவருடைய நாடகம் பம்பாய் வரைக்கும் போய் வந்துவிட்டது. அப்புறம் சினிமாவுக்கு வந்தவர் தனியாகவா வந்தார்? நாடகத்துக்கு இசையமைத்த வி. குமாரைக் கூட்டிவந்தார். சுந்தரராஜனைக் கூட்டிவந்தார். அவருக்குக் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த 'மேஜர்' பட்டமே இந்த நாடகப் பாத்திரம் கொடுத்ததுதான்.

"அவர் படங்கள் வெறும் படம்பிடித்த நாடகங்கள்" என்று இந்த ஊரில் ஒரு புகார் உண்டு. அதைக் கேட்டு எங்கள் அணிக்காரர்களே சிலர் நெளிவார்கள். நான் நெளிய மாட்டேன். 1968ல் வந்த எதிர்நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பல குடித்தனங்கள் இருக்கிற ஒரே வீடு, மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்ளும் மாதுவாக நாகேஷ். அந்த வீட்டில் ஒரு இருமல் தாத்தா இருக்கிறார். அவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள், இருமல் மட்டும்தான் கேட்கும். நமக்கோ அவரை நன்றாகத் தெரியும்! இது யார் மூளையில் உதிக்கும்? சபா மேடையில் எல்லாரையும் நிறுத்தி வைக்க இடம் இருக்காது, நடிக்க ஆளும் போதாது. பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருத்தர் இருமினால் போதும், ஜனங்கள் மீதித் தாத்தாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று கேமரா கையில் இருக்கும்போது, காட்டாமல் விடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் ஐயா. அது சபாவில் வந்த தைரியம்.

இப்போது ரஜினிக்கே வருகிறேன். 1975, அபூர்வ ராகங்கள். தாடியோடு ஒரு மனிதர் இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு நிற்கிறார். கதாநாயகி பைரவியின் கணவர்! அதுவரை ஓடிக்கொண்டிருந்த கதை அந்த இடத்தில் அப்படியே திரும்பிவிடுகிறது. சண்டை இல்லை, வெடிச்சத்தம் இல்லை, ஒரு கதவு, ஒரு ஆள். புதுப் பாத்திரம் எந்த நொடியில் உள்ளே வந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்பது, முன்வரிசை ரசிகர்களின் முகத்தைப் பார்த்தே நாடகம் போட்டவருக்குத்தான் தெரியும். சகோதரி வாங்கிய கைத்தட்டலில் பாதி எங்கள் அணிக்குச் சேர வேண்டியது!

அவர் எடுத்த தெலுங்குப் படம் மரோசரித்ராவைச் சொல்லி, "விசாகப்பட்டினம் கடலை மேடையில் காட்ட முடியுமா?" என்றும் கேட்டார்கள். முடியாதம்மா, சத்தியமாக முடியாது. ஆனால் அந்தக் கடலைக் கோடம்பாக்கமா வெட்டியது?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு கேள்வியோடு இறங்கிவிடுகிறேன். பாரதிராஜாவின் குரு யார் என்றால் புட்டண்ணா கனகல் என்று சொல்லிவிடலாம். பாக்யராஜுக்கு யார் என்றால் பாரதிராஜா. பாலசந்தர் யாரிடம் உதவி இயக்குநராக இருந்தார்? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் கோடம்பாக்கத்திலிருந்து ஒரே ஒரு வாத்தியாரின் பெயரைச் சொல்லட்டும், எங்கள் அணியின் மீதி நேரத்தையும் அவருக்கே கொடுத்துவிடுகிறோம். வணக்கம்.