ஊட்டி ஏறியதும் திணறிய ஏடிவி: கார்புரேட்டர் டியூனிங், என் முட்டாள்தனத்தோடு சேர்த்து

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? இருங்கள், ஒலியைக் கூட்டுகிறேன். இதோ, த்ராட்டிலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் ஒழுங்காக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தொண்டையில் சளி கட்டியவன் மாதிரி பொறபொறவென்று இழுக்கிறது, பின்னால் கரும்புகை. இது முந்தாநாள் எடுத்த வீடியோ. இன்றைக்கு வண்டி சரியாகிவிட்டது, ஆனால் நடுவில் ஒரு நாள் முழுக்க நான் வீணடித்த கதையும் இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வண்டி 125 சிசி ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி, சீனத் தயாரிப்பு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஹோண்டா கப் பைக்கில் வருவது மாதிரி படுத்துக்கிடக்கும் எஞ்சின், மேலே பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டர், மிக்குனி கம்பெனியின் விஎம்22 மாடலைப் பார்த்துச் செய்தது. மேட்டுப்பாளையத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. டாடா ஏஸில் ஏற்றி இங்கே ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் மச்சானுடைய கேரட் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கியதும் ஆரம்பித்தது ரகளை. மூட்டை இழுப்பதற்காக வாங்கியது, தன்னையே இழுக்கமாட்டேன் என்கிறது.

காரணம் பெரிய மர்மம் இல்லை. நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி ஊட்டியில் 2,203 மீட்டரில் போய் நிற்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது பழைய கணக்கு, ஆனால் கார்புரேட்டருக்கு கிராம் எல்லாம் தெரியாது, உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்ப ஜெட் எனும் சின்னப் பித்தளைத் துண்டின் ஓட்டை வழியாக பெட்ரோலை விடும், அவ்வளவுதான். காற்று இளைத்த அளவுக்கு பெட்ரோலைக் குறைக்க அதற்குத் தெரியாது. அதனால் மேலே வந்ததும் பெட்ரோல் அதிகமாகி, மெக்கானிக்குகள் ரிச் என்று சொல்வார்களே, அந்த நிலைமை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபிறகு வாங்கிய பைக் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, அதில் சென்சாரே பார்த்துக்கொள்ளும். எனக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் சென்சார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். இதுதான் அது, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, விரலில் ஒட்டுகிறது. ரிச் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். சரி, மெயின் ஜெட்டைச் சின்னதாக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே இருந்தது 105 நம்பர், நம்பர் குறைந்தால் ஓட்டை சின்னது. அதை எடுத்துவிட்டு 100 போட்டேன். அதே பொறபொற. 95 போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை! ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, கையெல்லாம் பெட்ரோல், குளிரில் விரல் மரத்துப்போய், நாலு ஸ்க்ரூவில் ஒன்று புல்லுக்குள் விழுந்து அதைத் தேடவே அரை மணி நேரம். மச்சான் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "மாப்ள, மாட்டைக் கட்டி இழுத்திருந்தா இந்நேரம் மூட்டை ரோட்டுக்குப் போயிருக்கும்" என்கிறான்.

அங்கேதான் பொறி தட்டியது. நம்பரை இரண்டு தடவை மாற்றியும் வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால், அந்த ஜெட் அந்த நேரத்தில் வேலையே செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? மெயின் ஜெட்டின் ஆட்சி த்ராட்டில் முக்காலுக்கு மேல் திறக்கும்போதுதான். கால்வாசியிலிருந்து முக்கால்வரை, கார்புரேட்டருக்குள் த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசிதான் ராஜா. எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஸ்லோ ஜெட் என்ற இன்னொரு சின்ன ஜெட்டும், காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவும். அப்படியென்றால் என் த்ராட்டில் முழுசாகத் திறக்கிறதா? ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஆஃபில், த்ராட்டிலை முழுக்க அழுத்தியபடி பின்னாலிருந்து எட்டிப்பார்த்தேன். உள்ளே ஸ்லைடு, அதாவது த்ராட்டிலோடு ஏறிக் காற்றுக்கு வழிவிடும் அடைப்பான், பாதி கூட ஏறவில்லை.

இதோ பாருங்கள், கட்டைவிரல் லீவருக்குப் பக்கத்தில், அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருக்கிறது. இது வேகக் கட்டுப்பாட்டு ஸ்க்ரூ. சின்ன ஏடிவிகளில் பிள்ளைகள் ஓட்டும்போது அதிகம் முறுக்கக்கூடாது என்பதற்காக வைப்பது, உள்ளே திருகினால் லீவரைப் பாதியிலேயே நிறுத்திவிடும். முன்னால் வைத்திருந்தவர் பிள்ளைக்காகத் திருகியிருப்பார், பாவம், அவர்மேல் தப்பில்லை, பார்க்காதது நான். ஒரு நாள் முழுக்க வேலைசெய்யாத ஜெட்டை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை இதை ஓட்டுகிறதென்றால் அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். இது பெரியவர்கள் மூட்டை இழுக்கும் வண்டி, அதனால் வெளியே திருகினேன்.

அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். லீவரில் ஒரு கோடு, பெட்டியில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் கால், அரை, முக்கால் என்று பேனாவால் மூன்று கோடு. எந்தக் கோட்டில் திணறுகிறதோ அந்தப் பாகத்தில் மட்டும் கை வைப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் மேனிஃபோல்டு இணைப்பில் எஞ்சின் சூடேறும் முன்பே கார்ப் கிளீனரைத் துளி பீய்ச்சிப் பார்த்தேன், ஐடில், அதாவது த்ராட்டிலைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறவில்லை, அதனால் காற்றுக் கசிவு இல்லை. ஃபில்டரும் சுத்தம்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியபிறகு ஏர் ஸ்க்ரூ. பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு பெரிதாக இருப்பது ஐடில் ஸ்க்ரூ, ஃபில்டர் பக்கமாகச் சின்னதாக இருக்கும் பித்தளைதான் ஏர் ஸ்க்ரூ. மெல்ல உட்காரும்வரை உள்ளே திருகுங்கள், இறுக்கினால் முனை நசுங்கிவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. பிறகு கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் காத்திருந்து, எங்கே எஞ்சின் வேகம் அதிகமாகக் கேட்கிறதோ அங்கே விட்டுவிட்டு ஐடிலைக் குறைப்பது. எனக்கு இரண்டேகால் சுற்றில் வந்தது. இரண்டரை தாண்டியிருந்தால் ஸ்லோ ஜெட்டே பெரிது என்று அர்த்தம், ஒரு சுற்றுக்குள் முடிந்திருந்தால் சின்னது. வெளியே திருகினால் காற்று அதிகமாகும், ஆனால் எஞ்சின் பக்கமாக ஸ்க்ரூ இருக்கும் கார்புரேட்டர்களில் இது அப்படியே தலைகீழ், அதைப் பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

அடுத்தது ஊசி. இதில் எல்லோரும் குழம்புவார்கள். ஊசியின் மேல் முனையில் ஐந்து பள்ளம் இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் கிளிப் நடுப்பள்ளத்தில் இருந்தது. கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். அதைச் செய்ததும் அரைக் கோட்டில் இருந்த பொறபொற போயே போச்சு. அதன்பிறகு மெயின் ஜெட். இப்போது த்ராட்டில் முழுசாகத் திறப்பதால் நம்பர் மாற்றம் காதிலேயே தெரிகிறது. 95-இல் ஏற்றத்தில் முழு த்ராட்டிலில் இழுவை குறைந்து எஞ்சின் சூடு கக்கியது, பிளக்கும் வெளுத்துப்போயிருந்தது. 100 போட்டேன். ஏற்றத்தில் முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சை அழுத்தி, பிளக்கைக் கழற்றினேன். இதோ, இளம் பழுப்பு நிறம். முதலில் காட்டிய கரி பிடித்த பிளக்கையும் பக்கத்தில் வைக்கிறேன், பாருங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவது இ20, அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைவான பக்கம், சாயும், மலையில் அது நமக்கு லாபம்தான். ஆனால் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் வண்டியைச் சும்மா நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்லோ ஜெட்டில் அடைப்புதான்.

பழைய 105 ஜெட் இதோ, நீலகிரித் தைலம் வாங்கிய காலி பாட்டிலுக்குள். டேப்பில் "மேட்டுப்பாளையம், கிளிப் நடுவில்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதே 100-ஐ வைத்துக்கொண்டு கீழே போய் முழு த்ராட்டிலில் விரட்டினால் கலவை லீனாகி பிஸ்டன் பொசுங்கும், அறுவடை முடிந்து இறக்கும்போது முதல் வேலை இந்த பாட்டிலைத் திறப்பதுதான். சரி, மச்சான் மூட்டையோடு நிற்கிறான், அவன் மாட்டைத் தேடிப் போவதற்குள் நான் போகிறேன்.