தவளை நீச்சலா, ஃப்ரீஸ்டைலா? ஒரு கேள்விக்குப் பதில்

தக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: பையனுக்கு 10 வயசு, ஊர்க்குளத்தில் தாய்மாமாவோடு நீந்தப் பழகுகிறான், தவளை நீச்சல், ஃப்ரீஸ்டைல் இதில் எதை முதலில் படிக்க வைக்கலாம், கடலுக்கு எது உதவும் என்று.

ரெண்டும் அப்புறம்தான். முதலில் மல்லாந்து மிதக்கட்டும். காது தண்ணீருக்குள் இருக்க, முகம் வானத்தைப் பார்க்க, நெஞ்சில் காற்றை நிறைத்துக் கை காலை விரித்துக் கிடக்க வேண்டும். பிள்ளைகள் பயத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், உடனே இடுப்பும் காலும் கீழே போய்விடும். அந்தப் பயம் போகும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

பிறகு என்னைக் கேட்டால் தவளை நீச்சல். நாலு வகையில் வேகம் குறைந்தது அதுதான், ஆனால் முன்னால் படித்துறை எங்கே, ஆள் எங்கே என்று பார்த்துக்கொண்டே போகலாம். வேகமாகப் போக ஃப்ரீஸ்டைல். அதில் எல்லோரும் திணறுவது மூச்சில்தான்: தண்ணீருக்குள்ளேயே மூச்சை விட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி இழுக்க வேண்டும். களைத்தால் மல்லாக்க நீச்சல். ரெண்டு கையையும் ஒன்றாகத் தூக்கி வீசுகிற பட்டர்ஃப்ளையைப் போட்டிக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அது ஆளைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

குளத்தில் தாமரை இருந்தால், நிமிர்ந்து நின்று காலை உதைக்கிறவனுக்குத்தான் தண்டு சுற்றும். படுத்தவாக்கில் கையால் மெதுவாக அளைந்து வந்த வழியே திரும்பச் சொல்லுங்கள்.

கடல் வேறு கதை. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கல் போட்ட தடுப்பு) ஓரத்தில் தண்ணீர் அலையில்லாமல் சாதுவாகத் தெரியும், பல நேரம் உள்ளே இழுக்கிற ஓட்டம் அங்கேதான் இருக்கும். இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, எவ்வளவு தெரிந்தவனும் களைத்துப்போவான். மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, வளைவை விட்டு விலகிக் கரைக்கு இணையாக நீந்தி, இழுவை விட்டதும் அலையோடு சாய்வாக வர வேண்டும். கையை உயர்த்திக் கூப்பிட வெட்கப்படவும் வேண்டாம். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் இறங்கவே வேண்டாம். தெற்கே எங்கேயோ வீசிய புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில்கூடத் திடீரென்று கரையேறும்.

அப்புறம் அந்த மாமாவிடம் சொல்லுங்கள், படித்துறையில் உட்கார்ந்து போன் பார்க்காமல் தண்ணீரில் பையனுக்குக் கை எட்டுகிற தூரத்தில் நிற்கட்டும்.