கட்டை போடுகிற கை

(பாளையங்கோட்டையில் இசை மாணவர்கள் நடத்திய கூட்டிசை நிகழ்ச்சியின் நடுவில் பேசியது. எழுதும்போது சில வணக்கங்களைக் குறைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் பேசியபடியே.)

தலைமை ஏற்றிருக்கும் கல்விக்கூட முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வர்த்தக சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, பிள்ளைக்குப் பிடில் வாங்கிக் கொடுத்துவிட்டு அது வீட்டில் போட்ட சத்தத்தை மூன்று வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அவர்கள் வேறொரு கூட்டம் இருப்பதால் முதல் உருப்படி முடிந்ததும் கிளம்பினார்கள். உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கக் கைபேசியைத் தொடவில்லை, நான் கவனித்தேன். எனக்குப் போட்ட பொன்னாடை நியாயமாக அவர்களுக்குச் சேர வேண்டியது. அதை அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அடுத்து ஒரு விண்ணப்பம். மைக் செட் தம்பி, இந்த மைக்கைக் கொஞ்சம் அணைத்துவிடப்பா. ஆங். இப்போது பின்வரிசைக்குக் கேட்கிறதா? தலையாட்டுகிறார்கள். 35 வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை, அவ்வளவு லேசில் விடாது.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று, பிடில் நம் சீமைக்கு வந்த கதை. இரண்டு, தனியாக வாசிப்பதற்கும் சேர்ந்து வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம். மூன்று, பிள்ளைகள் தாளைப் பார்த்து வாசிக்கலாமா, மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா என்கிற பழைய சண்டை. மூன்றாவதுதான் முக்கியம், கடைசியில் வருகிறேன்.

பிடில் கதை சுருக்கமாக. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பம் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கோட்டையில் வெள்ளைக்காரன் வாசித்த பேண்டு மெட்டுகளுக்கு அண்ணன் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அந்தத் தம்பி பிற்பாடு சமஸ்தான வித்துவானாக வந்து சேர்ந்தது எங்கே? எட்டயபுரம்! அண்ணன் 1835-இல் தீபாவளியன்று காலமானதும் எட்டயபுரத்தில். 1904-இல் அதே குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் அண்ணனின் கிருதிகளை ஸ்வரப்படுத்திப் பெரும் புத்தகமாக அச்சிட்டதும் அதே எட்டயபுரத்தில். ஆகவே, மேற்கத்திய வாத்தியம் நமக்கெதற்கு என்று கேட்கிறவர்கள் கோவில்பட்டி பஸ் ஏறி, அங்கிருந்து எட்டயபுரத்துக்கு பஸ் மாறி, அந்தச் சமாதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து கேட்கட்டும். சற்று முன் நம் பிள்ளைகள் மூன்று வயலினும் ஒரு புல்லாங்குழலுமாக ‘சந்ததம் பாஹிமாம்’ வாசித்தார்களே, இங்கிலாந்து ராஜாவுக்கு வாழ்த்துப் பாடும் அதே மெட்டு அது. ராஜாவின் மெட்டை எடுத்து அம்பாளுக்குச் சாத்திவிட்டார் தீட்சிதர்.

இரண்டாவதுக்கு வருகிறேன். ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். திருநெல்வேலியில் நின்றுகொண்டு இதற்கு விளக்கம் சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரெல்லாம் கூடி வடத்தை இழுத்தால் தேர் நகரும், சரி. திரும்புமா?

என் தாய்மாமா நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர். டவுனில் ஒரு மரக்கடையில் வேலை. ஆனி மாதம் வந்தால் கடைக்கு லீவு சொல்லிவிடுவார், சம்பளம் போனாலும் சரி. வடத்தில் ஆயிரக்கணக்கான பேர் கை வைத்திருப்பார்கள். பெரிய மனிதர்கள் வந்து வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மாமா படத்தில் வந்ததே இல்லை. அவர் சக்கரத்துக்குக் கீழே குனிந்திருப்பார். காம்பு வைத்த ஒரு மரக்கட்டை, அதைச் சக்கரத்துக்கு முன்னால் சரியான இடத்தில், சரியான நொடியில் வைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் தேர் நின்றுவிடும். பிந்தினால் தேர் ஏதாவது கடைக்குள் போய்விடும். கை போய்விடவும் கூடும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். "மாமா, நீங்க ஏன் வடம் பிடிக்கலை?" என்று கேட்டேன். "ஏலே, வடத்தை எவன் வேணாலும் பிடிப்பான். கட்டையை எவன் போடுவான்?" என்றார். எப்படி நேரம் பார்க்கிறீர்கள் என்றேன். "பாக்கறது எங்கலே? கேக்கணும்" என்றார். சக்கரம் கல்லில் ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது ஒரு சத்தம், திரும்பத் தயாராகும்போது அச்சு முனகுகிற சத்தம். கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவில் அந்த முனகல் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்.

அந்த வருஷம் வாகையடி முக்கில் யாரோ புதிதாக நாலு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். தேர் முக்குக்கு வந்தது. மாமா கட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். குனிகிறார், நிமிர்கிறார். ஒலிபெருக்கியைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். பட்டியல் வாசிக்கிறவன், மாமா வாழ்த்துகிறார் என்று நினைத்து, "தேர்ப் பணியாளர் அண்ணாச்சிக்கு நன்றி, நன்றி" என்று இன்னும் சத்தமாக அறிவிக்கிறான். இழுக்கிற ஜனம் இழுத்துக்கொண்டிருக்கிறது. தேர் ஒரு பாத்திரக் கடையின் தகரக் கொட்டகையை நோக்கிப் போகிறது. கடைக்காரர் குடத்தையும் குத்துவிளக்கையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். மாமா கட்டையைப் பக்கத்தாளிடம் கொடுத்தார். "நிறுத்தச் சொல்லு" என்று கத்திவிட்டு, கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு போய் அந்த ஆம்ப்ளிபயர் பெட்டியின் வயரை ஒரே இழுப்பு! "நன்கொடை ஐம்பத்தோரு" என்பதோடு நின்றது குரல். ரூபாய் வரவில்லை. அப்புறம் ஒரு நிமிஷம், வாகையடி முக்கே மூச்சு விடாமல் நின்றது. மாமா திரும்பி வந்து குனிந்தார், கட்டை விழுந்தது, அச்சு முனகியது. தேர் திரும்பியது.

அந்த ஐம்பத்தோரு ரூபாய்க்காரர் கடைசிவரை மாமாவிடம் பேசவில்லை. அது வேறு கதை.

எதற்குச் சொல்கிறேன்? இப்போது ஒரு நால்வர் வாசித்தார்களே, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1797-இல் எழுதிய நால்வாத்திய இசையின் இரண்டாம் பகுதி. ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு வாழ்த்தாக அவரே போட்ட மெட்டு. இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கும் அதே மெட்டுதான். அதை ஹைடன் என்ன செய்கிறார், கவனித்தீர்களா? மெட்டை மாற்றவே இல்லை. ஆளை மாற்றுகிறார். முதலில் முதல் வயலின் பாடுகிறது. அடுத்த சுற்றில் மெட்டு இரண்டாம் வயலினுக்கு. அப்போது முதல் வயலின் மேலே பொடிப்பொடியாகக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு அடிக்குரலில் பாடும் செல்லோ. பிறகு நடுக்குரலில் பாடும் வயோலா. கடைசியில் மறுபடி முதல் வயலின். ஒருவர் வடம் பிடிக்கும்போது மற்றவர் கட்டை போடுகிறார். வயோலா வாசித்த அந்தப் பெண் பிள்ளை தன் முறை வருகிறவரை மற்ற மூவரின் வில்லையே பார்த்துக்கொண்டிருந்ததே, எனக்கு மாமா ஞாபகம் வந்துவிட்டது.

1784-இல் வியன்னாவில் ஒரு விருந்து. நாலு இசையமைப்பாளர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். ஹைடன் முதல் வயலின், டிட்டர்ஸ்டார்ஃப் இரண்டாம் வயலின், வான்ஹால் செல்லோ. வயோலாவை எடுத்தது யார்? மொசார்ட். மைக்கேல் கெல்லி என்கிற பாடகர் அங்கே இருந்து கேட்டுவிட்டுத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நடுவில் உட்கார்ந்து யார் கண்ணிலும் படாமல் வாசிக்கிற இடத்தை மொசார்ட் எடுத்துக்கொண்டார்.

நம் பாஷையில் என்ன செய்து வைத்திருக்கிறோம், பாருங்கள். தேரைத் திருப்புகிறவன் வேலை முட்டுக்கட்டை போடுவது. அதைத் தடை பண்ணுகிறவனுக்குச் சொல்கிறோம். நாகசுரத்துக்குச் சுருதி பிடிக்கிறவன் வேலை ஒத்து ஊதுவது. அது வசவு. ஜால்ரா தட்டுவது, வசவு. பின்பாட்டுப் பாடுவது, வசவு. சேர்ந்து வாசிக்கிற ஒருவனையும் விட்டுவைக்கவில்லை நாம்! ஊர் கூடித் தேர் இழு என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு, இழுத்தவனைத் தவிர மற்ற எல்லாரையும் திட்டியிருக்கிறோம். இன்றைக்கு நாகசுரம் வாசித்த தம்பிக்குப் பக்கத்தில் சுருதிப் பெட்டி இல்லை. இன்னொரு தம்பி நிஜமாகவே ஒத்து ஊதினான், கன்னம் உப்ப, ஓரிடத்திலும் விடாமல். அவன் ஆசிரியரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது கல்வி அதிகாரி அவர்களுக்கு. ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த நால்வர் வாசித்தபோது நான்கு வாத்தியத்துக்கு நான்கு மைக். செல்லோ லாரி மாதிரி உறுமியது, வயோலா எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒருவர் சத்தத்தை இன்னொருவர் கேட்டு, தன் சத்தத்தைக் குறைத்துக் கூட்டிக்கொள்வதுதான் இந்த இசை. அந்த வேலையை ஒரு பெட்டியின் குமிழிடம் கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் காது எதற்கு? சேம்பர் இசை என்றால் அறையில் வாசிக்கிற இசை. பெயரிலேயே அறை இருக்கிறது. நம்மிடம் கல்யாண மண்டபம் இருக்கிறது, விளையாட்டு மைதானம் இருக்கிறது. அறைதான் இல்லை.

இல்லை என்று சொல்லக் கூடாது. இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற வளாகத்தின் பின்கட்டில், வேப்பமரத்துப் பக்கம், ஓட்டுக்கூரை போட்ட அறை ஒன்று. கால் உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாளும் அடைந்து கிடக்கிறது. போன மாதம் சாவி வாங்கித் திறந்து, நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தேன். மேலே மரச்சட்டம், நாட்டு ஓடு. சத்தம் மோதித் திரும்பி வந்து குழப்பவில்லை, செத்தும் போகவில்லை. அறுபது பேர் உட்காரலாம். கேட்பது அதை மட்டும்தான். வெள்ளையடித்து, ஐந்தாறு பாய் விரித்து, வாசலில் ‘மைக் கிடையாது’ என்று ஒரு பலகை. இதே விண்ணப்பத்தை இதுவரை மூன்று பேர் கையில் கொடுத்திருக்கிறேன். மூன்று பேருமே நல்லவர்கள். மூன்று பேருக்குமே மாற்றலாகிவிட்டது. ஐயா, உங்களுக்கு மாற்றல் வருவதற்குள் பண்ணிவிடலாமே?

தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். இந்த ஏழு வகுப்புப் பிள்ளைகளும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓர் அறையில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கட்டும். 17 ஊரிலும் பின்கட்டில் ஓர் அறை இல்லாமலா போகும்? ஊர் கூடித் தேர் இழு என்கிறேன், முதலில் தேர் நிற்க இடம் கொடுங்கள். வர்த்தக சங்கத் தலைவர் அண்ணாச்சி சுண்ணாம்பு செலவை ஏற்கிறேன் என்று இப்போது தலையாட்டினார்கள். எல்லாரும் பார்த்தீர்கள். இனி மாற முடியாது.

தாளவாத்தியம் வாசித்த பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். கஞ்சிரா வாசித்த பொடியனைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். முக்கியம் என்று சொன்ன அந்த மூன்றாவது விஷயமும் பாக்கி. முதல்வர் அம்மாவிடமிருந்து துண்டுச் சீட்டு வந்துவிட்டது. இரண்டாவது சீட்டு இது, முதலாவதை நான் பையில் போட்டுக்கொண்டேன். இதற்குமேல் தாமதித்தால் பிள்ளைகள் பசியோடு வீட்டுக்குப் போக வேண்டிவரும். வெளியே அல்வா வாசனை வேறு வருகிறது.

அடுத்த உருப்படி மொசார்ட் 1789-இல் எழுதியது, கிளாரினெட்டும் நான்கு தந்தி வாத்தியமும். அதில் மெதுவாகப் போகிற பகுதியை வாசிக்கிறார்கள். கிளாரினெட் நமக்குப் புதிதில்லை. தஞ்சாவூர் அரண்மனை நாளிலிருந்து, சதிராட்டத்துக்கு வாசிக்கிற சின்ன மேளத்தில் இருந்தது, ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் அதில் முழுக் கச்சேரியே வாசித்தார். ஒன்றை மட்டும் பாருங்கள். ஆரம்பிக்கும் முன் வயலின் பிள்ளைகள், தந்தியைத் தாங்குகிற குதிரையின் மேல் சின்னதாக ஒரு கட்டையைச் செருகுவார்கள். சத்தத்தைக் குறைப்பதற்கு. கிளாரினெட் பாடும்போது தாங்கள் அடங்கி நிற்பதற்காக, மொசார்ட்டே போடச் சொன்ன கட்டை.

மைக் செட் தம்பி, அந்த நாலு ஸ்டாண்டையும் எடுத்துவிடுப்பா. கோபம் இல்லையே? அண்ணாச்சி, அந்த மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஏழு நிமிஷம் வேர்க்கட்டும், பரவாயில்லை. பிள்ளைகளா, வாங்க. கட்டையைப் போட்டுக்கோங்க.